யாருக்கு ஓட்டு என்று மட்டும் சொல்ல மாட்டோம்

லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸில் நம்மவர்கள் யாராவது இருக்கிறீர்களா, அங்கே என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் ஊர்க் கிளையில் ஏழு வருடமாக இருக்கிறேன். அமெரிக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை உறுதியாவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1920-ல் ஆரம்பித்த, எந்தக் கட்சியையும் சாராத வாக்காளர் அமைப்பு. பெயரைப் பார்த்து ஆண்கள் தயங்க வேண்டாம், 1973-லிருந்து அவர்களும் உறுப்பினராகலாம்.

முதல் வேலையாக என்னை அனுப்பியது ஒரு குடியுரிமை உறுதிமொழி விழாவுக்கு. அப்போதெல்லாம் விழா முடிந்ததும் வெளியே மேசை போட்டு, புதிய குடிமக்கள் வாக்காளர் பதிவுப் படிவம் நிரப்ப உதவுவோம். கிளம்பும்போது கிளைத் தலைவி என் கைப்பையில் குத்தியிருந்த ஒரு வேட்பாளரின் பேட்ஜைக் கழற்றச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. என் கருத்தை ஏன் மறைக்க வேண்டும்?

ஒரு மணி நேரத்தில் பதில் கிடைத்தது. ஒரு கையில் சின்னக் கொடி, மறு கையில் சான்றிதழ் உறையுமாக ஒரு தமிழ் அம்மா வந்தார். படிவத்தில் கையெழுத்துப் போடப் போனவர் பேனாவை நிறுத்திவிட்டு, "ஏம்மா, யாருக்குப் போடணும்னு நீயே சொல்லிடேன்" என்றார். நாக்கு நுனி வரை ஒரு பெயர் வந்துவிட்டது. "அதை மட்டும் நான் சொல்லக் கூடாதும்மா" என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அப்புறம் லீக் நடத்தும் வோட்411 தளத்தைத் திறந்து அவர் முகவரியைப் போட்டுக் காட்டினேன். எல்லா வேட்பாளருக்கும் ஒரே கேள்விகள், அவரவர் பதில் அவரவர் வார்த்தையிலேயே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பெரிய தலைவர்கள் பெயரை எதிர்பார்த்து வந்தவர், பள்ளி வாரியத் தேர்தலைப் பார்த்து, "பேரன் பள்ளிக்கூட விஷயத்துக்கும் நான் ஓட்டுப் போடலாமா?" என்று கேட்டார். பேட்ஜ் இருந்திருந்தால் பேச்சு அதுவரை வந்திருக்காது.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கிரீன் கார்டில் இருப்பவர்கள், ஓட்டுநர் உரிமம் வாங்கும் இடத்தில் படிவத்தை நீட்டினாலும் வாக்காளராகப் பதியாதீர்கள். தெரியாமல் செய்தது கூடப் பின்னால் குடியுரிமையைப் பாதிக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது வேட்பாளர் மன்றம்தான், அதாவது போட்டியிடுபவர்கள் ஒரே மேடையில் மக்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கூட்டம். பார்வையாளர்கள் கேள்விகளைச் சின்ன அட்டையில் எழுதித் தருவார்கள். பின்வரிசை மேசையில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, ஆளைத் தாக்கும் கேள்விகளை எடுத்து வைப்போம். நேரம் பார்ப்பவர் மஞ்சள் அட்டை காட்டினால் முடிக்கத் தொடங்க வேண்டும், சிவப்பு என்றால் யாராக இருந்தாலும் நிறுத்த வேண்டும்.

ஒரு தடவை நகர மன்ற வேட்பாளர் இருவரில் ஒருவர் வரவில்லை. ஒருவரை மட்டும் வைத்து நடத்தினால் அது அவருடைய பிரசாரக் கூட்டமாகிவிடும் என்பதால் எங்கள் கிளை விதி அதை அனுமதிக்காது. ரத்து செய்தோம். கூட்டத்தில் முணுமுணுப்பு, வந்தவருக்குக் கோபம். நான் ஓட்டுப் போட நினைத்திருந்தவரே அவர்தான். நாற்காலிகளை மடக்கிக்கொண்டே ஒரு மூத்த உறுப்பினர் பழைய கதை சொன்னார். 1976, 1980, 1984 அதிபர் தேர்தல் விவாதங்களை நடத்தியது லீக். 1988-ல் இரண்டு பெரிய கட்சிகளின் பிரசாரக் குழுக்களும் தங்களுக்குள் விதிமுறைகளைப் பேசி முடித்துக்கொண்டு வந்தபோது, இது வாக்காளர்களை ஏமாற்றும் வேலை என்று சொல்லி விலகிவிட்டது. அதன் பிறகு அதிபர் விவாதம் அதன் கைக்குத் திரும்பவில்லை. நஷ்டம்தான், ஆனால் செய்தது சரி என்றார் அவர். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

கொள்கை விஷயங்களில் லீக் நிலைப்பாடு எடுக்கும், ஆளையும் கட்சியையும்தான் ஆதரிக்காது, எதிர்க்காது. அப்புறம் எங்கே நடுநிலை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, எங்கள் கூட்டங்களிலேயே அது வரும்.

அந்தத் தமிழ் அம்மா கடைசியாக நடந்த வேட்பாளர் மன்றத்துக்கு வந்திருந்தார். அட்டையில் தமிழில் எழுதி என்னிடம் நீட்டினார். பள்ளிப் பேருந்து நிற்கும் முனையில் ஏன் விளக்கு இல்லை? ஆங்கிலத்தில் எழுதி, மன்றத்தை நடத்துபவரிடம் கொடுத்தேன். மூன்று வேட்பாளர்களும் ஆளுக்கு ஒன்றரை நிமிடம் பதில் சொன்னார்கள்.