42.8 மில்லிமீட்டர் கேமராவைச் சட்டைப் பை கேமரா என்று சொல்வது யார்?

ஒளிவட்டம் (செந்தூல்):
தைப்பூசத்துக்கு எந்தச் சின்ன கேமரா நல்லது என்று இந்தக் கேமரா மன்றத்தில் புதுக்கை கேட்டிருந்தார். அதற்கு கண்ணாடிவில்லை கொடுத்த தீர்ப்பு: “சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிற கேமரா என்றால் சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 ஒன்றுதான். ஐக்ஸஸ் எல்லாம் பிள்ளைகள் விளையாட்டுச் சாமான்.” படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

ஆர்எக்ஸ்100 மார்க் 7-இன் அளவு 101.6 × 58.1 × 42.8 மி.மீ. பேட்டரியும் கார்டும் போட்டால் 302 கிராம். கேனன் ஐக்ஸஸ் 285 எச்எஸ் 99.6 × 58 × 22.8 மி.மீ., 147 கிராம். அகலம், உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். தடிமன் மட்டும் இரண்டு மடங்குக்கு ஒரு நூல் குறைவு. 302 கிராமைச் சட்டைப் பையில் போட்டால் பையின் வாய் முன்பக்கம் தொங்கும். கோயில் வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றினால் கேமரா முதலில் தரைக்குப் போகும். விழுந்தால் அடிபடுவது லென்ஸ் குழல். அது அரை மில்லிமீட்டர் சாய்ந்தாலும் போதும், பவர் போட்டதும் பாதி வந்து நிற்கும், மோட்டார் கறகறக்கும், லென்ஸ் கோளாறு என்று திரையில் வரும். அதற்கப்புறம் லென்ஸ் தொகுதியையே மாற்ற வேண்டும்.

சட்டைப் பை என்று சொல்லிவிட்டு 42.8 மி.மீ. காட்டாதீர்கள்.

கண்ணாடிவில்லை (பங்சார்):
ஒளிவட்டம் அண்ணே, அடிக்கோலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். படத்தை எப்போது பார்ப்பீர்கள்? ஆர்எக்ஸ்100-இல் ஒளியைப் பிடிக்கும் சில்லு, அதாவது சென்சார், 13.2 × 8.8 மி.மீ., பரப்பு 116 சதுர மி.மீ. உங்கள் ஐக்ஸஸின் சென்சார் 6.17 × 4.55 மி.மீ., 28 சதுர மி.மீ. நான்கு மடங்கு. லென்ஸ் வாயும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூம் போடாத நிலையில் சோனி எஃப் 2.8, ஐக்ஸஸ் எஃப் 3.6; எஃப் எண் சின்னதானால் வாய் பெரிது. பெருக்கினால் ஒரே ஷட்டர் வேகத்தில் ஏறக்குறைய 7 மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. விடியற்காலை 4 மணிக்குப் பத்துமலையில் காவடி எடுக்கிறவர் முகத்தை ஐக்ஸஸில் எடுத்தால் தோலே தெரியாது, இருட்டில் வரும் புள்ளிக்கூட்டத்தை, அதாவது நாய்ஸை, வழித்தெடுத்த மெழுகுப் பொம்மைதான் தெரியும். ஐக்ஸஸில் கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பான ரா கோப்பும் கிடையாது, வீட்டுக்கு வந்து திருத்தவும் முடியாது.

42.8 மி.மீ. என்பது லென்ஸ் வளையம் துருத்தி நிற்பதையும் சேர்த்து. உடல் அவ்வளவு தடிமன் இல்லை.

ஒளிவட்டம் (செந்தூல்):
வளையத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டா பையில் போடுவீர்கள்? பைக்குள் போவது வளையமும் சேர்ந்துதான். 42.8.

சென்சார் பரப்பை யாரும் மறுக்கவில்லை. நீங்கள் எழுதியது சென்சாரைப் பற்றி இல்லை, சட்டைப் பையைப் பற்றி. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கடற்காற்று (பினாங்கு):
கோலாலம்பூர்க்காரர்கள் இரண்டு பேரும் சூம் கேமராவைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். ரிகோ ஜிஆர் 3 என்று ஒன்று 2019-லிருந்து இருக்கிறது. ஏபிஎஸ்-சி என்கிற பெரிய சென்சார், 28 மி.மீ. அகலப் பார்வைக்கோணம் (இந்த எண் ஏறினால் தூரத்தில் இருப்பது கிட்டே தெரியும்), எஃப் 2.8, 257 கிராம், தடிமன் 33.2 மி.மீ. அணைத்தால் லென்ஸ் உள்ளே போய்விடும், ஆர்எக்ஸ்100 மாதிரித் துருத்திக்கொண்டு நிற்காது.

எங்கள் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படியில் ஏறும்போது ஃபோகஸ் தேடிக்கொண்டு நிற்க நேரம் இருக்காது. ஃபோகஸ் தூரத்தை முன்கூட்டியே பூட்டும் ஸ்னாப் ஃபோகஸை 2 மீட்டரில் வையுங்கள், எஃப் 5.6 போடுங்கள். 1.2 மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். ஷட்டர் பட்டனை ஒரே அழுத்தாக முழுக்க அழுத்தினால் ஃபோகஸ் தேடாமலே படம் எடுக்கும். இந்த வசதி சோனியிலும் இல்லை, ஐக்ஸஸிலும் இல்லை.

கண்ணாடிவில்லை (பங்சார்):
ஜிஆர் 3-இல் ஃபிளாஷே கிடையாது கடற்காற்று அக்கா. சூமும் கிடையாது. 50 மி.மீ. வேண்டுமென்றால் படத்தை வெட்டித் தரும், 24 மெகாபிக்சல் 7 ஆகிவிடும். ரதம் சாலைக்கு அந்தப் பக்கம் போகும்போது என்ன செய்வது?

கடற்காற்று (பினாங்கு):
நாலு அடி முன்னால் நடந்து போவது. பங்சாரில் நடக்க மாட்டீர்களோ என்னவோ.

ஒளிவட்டம் (செந்தூல்):
ஜிஆர் 3 தடிமன் 33.2, நீளமோ 109.4. அதுவும் சட்டைப் பை இல்லை. ஆனால் 42.8-ஐ விட நேர்மையான அளவு. இந்த அம்மா குறைந்தபட்சம் எண்ணைச் சொன்னார்.

ஜிஆர் 3 வாங்குகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். தூசு புகாத அடைப்பு அதில் இல்லை. லென்ஸ் ஒவ்வொரு முறை வெளியே வந்து உள்ளே போகும்போதும் காற்றை உறிஞ்சும். தைப்பூசத்தில் காற்று முழுக்க விபூதியும் கற்பூரப் புகையும்தான். உள்ளே போன தூசு சென்சார் மேல் உட்காரும். எஃப் 11-க்கு மேல் வானத்தை எடுத்தால் சாம்பல் நிறப் புள்ளி தெரியும். சென்சாரை அதிரவைத்துத் தூசை உதறும் வசதி அதில் உண்டு, ஆனால் அதற்கும் போகாத தூசு என்றால், லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா, ஊதித் துடைக்க வழியில்லை, பிரித்துத்தான் துடைக்க வேண்டும்.

கடற்காற்று (பினாங்கு):
உங்கள் ஐக்ஸஸ் மட்டும் காற்றை உறிஞ்சாதா? எல்லா இழுப்பு லென்ஸும் உறிஞ்சும்.

ஒளிவட்டம் (செந்தூல்):
உறிஞ்சும். சின்ன சென்சாரில் எஃப் 3.6-லேயே புள்ளி தெரிந்துவிடும், அதையும் நான் சொல்லத் தயார். நான் கேட்டது தடிமன்.

பழைய சிசிடி (பிரிக்ஃபீல்ட்ஸ்):
நீங்க எல்லாரும் சென்சார் அளவு பேசுறீங்க, நிறத்தைப் பத்தி ஒருத்தரும் பேசல. இன்னிக்கு பசங்க எல்லாம் லோ யாட் எலக்ட்ரானிக் கடைத்தொகுதியில பழைய ஐக்ஸஸ் தேடுறதே சிசிடிங்கிற பழைய வகை சென்சாரோட நிறத்துக்குத்தான். 2007-ல வந்த ஐக்ஸஸ் 70, 7.1 மெகாபிக்சல், சிசிடி. பட்டுப் புடவை சிவப்பும் மல்லிகைப் பூ வெள்ளையும் அதுல வர்ற மாதிரி சீமாஸ்ங்கிற புது வகை சென்சார்ல வராது. 285-ல இருக்கிறது சீமாஸ்.

கண்ணாடிவில்லை (பங்சார்):
தம்பி, நிறம் சிசிடியால் வருவதில்லை. சென்சாருக்கு மேல் இருக்கும் சிவப்பு-பச்சை-நீல வடிகட்டியும், கேமராவுக்குள் நடக்கும் செயலாக்கமும்தான் நிறத்தைத் தீர்மானிக்கின்றன. நீ பார்த்து மயங்குவது நேராக முகத்தில் அடிக்கும் செனான் ஃபிளாஷையும், அந்தக் காலத்து அழுத்தமான ஜேபெக்கையும். அதே சிசிடியில் எண்ணெய் விளக்கை எடுத்துப் பார், விளக்கிலிருந்து மேலும் கீழும் ஊதா நிறக் கோடு ஓடும்.

பழைய சிசிடி (பிரிக்ஃபீல்ட்ஸ்):
தப்பு. அந்தக் கோடு திரையில பார்க்கும்போதும் வீடியோவுலயும்தான் வரும். போட்டோ எடுக்கிறப்ப இயந்திர ஷட்டர் மூடிடும், சென்சார்ல சேர்ந்த மின்னூட்டம் வெளியேறும்போது வெளிச்சம் உள்ள வராது. அதனால போட்டோவுல கோடு இருக்காது. கேமராவைத் தொடாம எழுதினா இப்படித்தான் வரும்.

கண்ணாடிவில்லை (பங்சார்):
வீடியோவில் வருகிறதா இல்லையா? வருகிறது. நான் சொன்னது சரி.

ஒளிவட்டம் (செந்தூல்):
கோட்டைப் பற்றிப் பழைய சிசிடி சொன்னது சரி, நிறத்தில் மட்டும் கண்ணாடிவில்லை சரி. இரண்டும் சட்டைப் பைக்குச் சம்பந்தமில்லை.

பழைய கேமரா வாங்குகிறவர்களுக்கு மட்டும் நாலு வரி. கடையிலேயே கைப்பேசி விளக்கை லென்ஸ் மேல் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை, வாங்காதீர்கள். சூமைக் கடைசி வரை ஓட்டி, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள், கறுப்புப் புள்ளி இருந்தால் தூசு. பேட்டரி மூடியின் கொக்கியை நகத்தால் தட்டுங்கள். அது உடைந்திருந்தால் மூடி நிற்காது, கேமரா அடிக்கடி அணையும். பேட்டரி உப்பியிருந்தால் அறையிலிருந்து வெளியே வராது, இழுத்தெடுக்கப் பார்க்காதீர்கள். எஸ்டிஎச்சி என்கிற பெரிய கொள்ளளவு கார்டு வருவதற்கு முந்திய கேமராக்கள் 2 ஜிபிக்கு மேல் கார்டு ஏற்காது, 64 ஜிபி போட்டுவிட்டுக் கேமரா கெட்டுப்போச்சு என்று கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள்.

புதுக்கை (கெப்போங்):
எல்லாருக்கும் நன்றி. நான் கேட்டது எதை வாங்குவது என்று மட்டும்தான். பையில் அடங்கணும், ராத்திரி படமும் நல்லா வரணும்.

சும்மா ஒரு கருத்து (ஜெலுத்தோங்):
புதுக்கை, கேனன் ஜி9 எக்ஸ் மார்க் 2 பாருங்கள். 2017-ல் வந்தது. சோனியில் இருப்பது போலவே ‘1 அங்குலம்’ என்று பெயர் சொல்லும் 13.2 × 8.8 மி.மீ. சென்சார், எஃப் 2 லென்ஸ், தடிமன் 31.3 மி.மீ., 206 கிராம். 28-லிருந்து 84 வரை சூம். பழைய கேமராக்களில்தான் தேட வேண்டும். இங்கே நடக்கிற வழக்குக்கு நடுவில் நிற்கிற கேமரா இது.

கண்ணாடிவில்லை (பங்சார்):
84 மி.மீ. வரும்போது எஃப் 4.9 ஆகிவிடும். மார்க் 7 200 மி.மீ.-லேயே எஃப் 4.5.

ஒளிவட்டம் (செந்தூல்):
42.8-க்கு இன்னும் பதில் வரவில்லை. கூட்டத்தில் சட்டைப் பையிலிருந்து ஒரு கையால் இழுத்தெடுக்க முடியுமா? லென்ஸ் வளையம் பை ஓரத்தில் மாட்டும். நான் இதை மூன்றாம் முறை கேட்கிறேன்.

கண்ணாடிவில்லை (பங்சார்):
ஜிப்பா போட்டுக்கொண்டு வருகிறவருக்குப் பக்கவாட்டுப் பை இருக்கிறது. அதுவும் சட்டைப் பைதான்.

கடற்காற்று (பினாங்கு):
வேட்டி கட்டினவருக்கு?

ஒளிவட்டம் (செந்தூல்):
பார்த்தீர்களா, நெஞ்சில் இருந்த பை இப்போது இடுப்புக்கு இறங்கிவிட்டது. நாளைக்குத் தோள்பையையும் சட்டைப் பை என்பார். போன வருஷம் இதே மன்றத்தில் பேட்டரி பற்றி நடந்த விவாதத் திரியிலும் இதையேதான் செய்தார். 260 படம் வருகிறது என்று மார்தட்டினார். அது கேமரா நிறுவனங்களின் சங்கமான சிபா வகுத்த சோதனைக் கணக்கு, 4கே வீடியோ எடுத்தால் அந்தக் கணக்கு நிற்காது என்று சொன்னதற்கு, வீடியோ எடுக்க யார் சொன்னது என்று கேட்டார்.

கண்ணாடிவில்லை (பங்சார்):
அந்தத் திரியை இங்கே இழுக்காதீர்கள். உங்கள் ஐக்ஸஸ் ஒரு சார்ஜுக்கு 180 படம். அதுவும் பேட்டரியைக் கழற்றித் தனிச் சார்ஜரில் போட வேண்டும். சோனியைப் பவர்பேங்கிலேயே சார்ஜ் செய்யலாம்.

கடற்காற்று (பினாங்கு):
எந்த ஓட்டை வழியாக? மைக்ரோ யுஎஸ்பி! 2019-ல் வந்த விலை உயர்ந்த கேமராவுக்கு மைக்ரோ யுஎஸ்பி. அதே வருஷம் வந்த ஜிஆர் 3-இல் யுஎஸ்பி-சி. ஆனால் ஜிஆர் 3 பேட்டரி 200 படம்தான், இரண்டாவது பேட்டரி கட்டாயம். அதை நான் மறைக்கவில்லை.

பழைய சிசிடி (பிரிக்ஃபீல்ட்ஸ்):
285-ஐ 2025-ல திரும்ப விட்டாங்க, பேருக்குப் பின்னால ஒரு ‘ஏ’ சேர்த்து. எஸ்டி கார்டைத் தூக்கிட்டு மைக்ரோ எஸ்டி. நகத்தளவு கார்டைக் கூட்டத்துல மாத்தினா கீழ விழுந்து போயிடும். அதையும் சொல்லுங்க ஒளிவட்டம் அண்ணே.

ஒளிவட்டம் (செந்தூல்):
64 ஜிபி போட்டால் ஏன் மாற்ற வேண்டும்? ஜேபெக் மட்டும் எடுக்கிற 20 மெகாபிக்சல் கேமரா, ஒரு திருவிழா முழுக்க எடுத்தாலும் நிரம்பாது.

ஐக்ஸஸில் ராத்திரி எடுக்கிற வழி. சூமைத் தொடாதீர்கள், 300 மி.மீ.-க்குப் போனால் எஃப் 7 ஆகும். 1.2 மைக்ரான் பிக்சலில் எஃப் 7 போட்டால், சின்னத் துளையில் ஒளி பரவும் விளிம்பு விளைவாலேயே கூர்மை போய்விடும், கை ஆடுவது அப்புறம். ஃபிளாஷைக் கட்டாயமாக எரிய வையுங்கள், ஆள் இரண்டு மீட்டருக்குள் நிற்கட்டும். ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர்வு அளவை, தானாக விடாமல் 400-இல் பூட்டுங்கள். முகம் சுத்தமாக வரும், பின்னணி கறுப்பாகும்.

கண்ணாடிவில்லை (பங்சார்):
பின்னணி கறுப்பானால் பத்துமலை எதற்கு? வீட்டுச் சுவர் முன்னால் நிறுத்தி எடுக்கலாமே. 42.7 மீட்டர் முருகன் சிலையும் விளக்கும் தெரியாத தைப்பூசப் படம் ஒரு படமா? சோனியில் ஃபிளாஷே போட வேண்டாம். அலங்கார எல்இடி விளக்குகளில் பட்டை பட்டையாக வருவதைத் தவிர்க்க, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள். மின்னணு ஷட்டரை அணைத்து இயந்திர ஷட்டரைப் போடுங்கள். ஐஎஸ்ஓ 3200 வரை தாங்கும். மண்டபத்துக்குள் கூரை தாழ்வாக இருந்தால், ஃபிளாஷை விரலால் பின்னால் சாய்த்துக் கூரையில் அடிக்கலாம், முகத்தில் வெளிச்சம் மென்மையாக விழும். இதை ஐக்ஸஸில் செய்து காட்டுங்கள்.

புதுக்கை (கெப்போங்):
அப்போ ஜி9 எக்ஸ் மார்க் 2 வேண்டாமா?

கடற்காற்று (பினாங்கு):
வேண்டாம். ஜிஆர் 3.

பழைய சிசிடி (பிரிக்ஃபீல்ட்ஸ்):
ஐக்ஸஸ் 70 எடுங்க, மிச்சக் காசுல இன்னும் இரண்டு பேட்டரி வாங்கலாம்.

ஒளிவட்டம் (செந்தூல்):
எதை வாங்கினாலும் குளிர்சாதனக் காரிலிருந்து நேராக வெளியே எடுக்காதீர்கள். இறங்குவதற்கு முன் காருக்குள்ளேயே ஜிப் பையில் போட்டு மூடி, வெளியே வந்த பிறகு அரை மணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸ் உள்பக்கம் ஆவி படியும். வீட்டில் ஈரம் 40-லிருந்து 50 சதவீதம் இருக்கிற உலர்பெட்டியில் வையுங்கள்.

கண்ணாடிவில்லைக்குத் தனியாக: ஃபிளாஷை விரலால் சாய்ப்பது எனக்குத் தெரியும், ஆர்எக்ஸ்100 மார்க் 3-லேயே அது உண்டு. அந்த மார்க் 3 41 மி.மீ. 2012-ல் வந்த முதல் ஆர்எக்ஸ்100 35.9 மி.மீ. அதைச் சட்டைப் பை கேமரா என்று எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

கண்ணாடிவில்லை (பங்சார்):
முதல் ஆர்எக்ஸ்100-இல் வியூஃபைண்டர் கிடையாது. வெயிலில் திரையே தெரியாது. பகல் 12 மணிக்கு ரதத்தை எப்படி எடுப்பீர்கள்?

ஒளிவட்டம் (செந்தூல்):
ஐக்ஸஸிலும் வியூஃபைண்டர் கிடையாது, திரை வெளிச்சத்தைக் கூட்டிவிட்டு எடுக்கிறார்கள். கேள்வியை மாற்றாதீர்கள்.

கண்ணாடிவில்லை (பங்சார்):
கேள்வியை மாற்றியது நீங்கள்தான். முதலில் மார்க் 7, இப்போது முதல் மார்க்.