மறு: போர்க்கால விமான விளையாட்டுகளில் ‘பேலன்ஸ்’: வலுச்சமனா, ஆடுசமனா?

வணக்கம்.

> இரண்டாம் உலகப் போர் சிமுலேட்டர்களில் ‘பேலன்ஸ்’ என்கிறார்களே, அதற்கு ‘வலுச்சமன்’ என வைக்கலாமா? இரு தரப்புக்கும் ஒரே வலுவுள்ள விமானங்களைக் கொடுப்பதுதானே அது?

சொல் சின்னது, வாயில் நன்றாக உட்காருகிறது. எனக்குத் தடை ‘கொடுப்பதுதானே அது’ என்ற இடத்தில்தான். நல்ல மிஷன் (அதாவது, ஆட வேண்டிய போர்க் காட்சி) எழுதுகிறவர்கள் அதைச் செய்வதில்லை.

1941 செப்டம்பர் வாக்கில் ஆங்கிலக் கால்வாய்க்கு மேல் ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190 போர் விமானம் தென்பட ஆரம்பித்தது. எதிரே இருந்தது பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் மார்க் 5. அடுத்த ஜூனில் ஒரு ஜெர்மன் விமானி வழி தவறி வேல்ஸில் தன் 190ஐ இறக்கிவிட்டார். பிரிட்டிஷார் அதைப் பறக்கவிட்டுச் சோதித்ததில், தங்கள் விமானிகள் புலம்பியதெல்லாம் உண்மை என்று தெரிந்தது. வேகம், உருளல், கீழ்நோக்கிய பாய்ச்சல் எல்லாவற்றிலும் 190 மேல். மார்க் 5க்கு மிஞ்சியது இறுக்கமாகத் திரும்பும் திறன் மட்டும். 1942 நடுவில் ஸ்பிட்ஃபயர் மார்க் 9 வரும்வரை இதுதான் நிலைமை.

இப்போது 1942 மார்ச்சில் நடக்கும் ஒரு மிஷனை எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். வலுச்சமன் வேண்டுமானால் மார்க் 9ஐ முன்கூட்டியே இறக்க வேண்டும். இறக்கினால் அது 1942 மார்ச் அல்ல. இறக்காவிட்டால் பிரிட்டிஷ் பக்கம் ஆள் சேராது. எதிரில் ஆளே இல்லாத வானத்தில் 190 ஓட்டுகிறவருக்குத்தான் என்ன சுகம்?

விமானத்தைத் தொடாமலே இதற்கு வழி உண்டு. வெற்றியைச் சுட்டு வீழ்த்திய கணக்கில் வைக்காமல், பிரிட்டிஷ் பக்கத்துப் பாஸ்டன் குண்டுவீச்சு விமானங்கள் இலக்கை அடைந்து திரும்புவதில் வையுங்கள். 190கள் குண்டுவீச்சு விமானங்களைத் தேடிப் போக வேண்டும், மார்க் 5கள் அருகிலேயே நின்று குறுக்கே திரும்ப வேண்டும். ஒருவர் கையில் மட்டமான விமானம்; ஆனாலும் இரண்டு பக்கமும் ஜெயிக்கலாம். நாம் பெயர் வைக்க வேண்டியது இந்த ஏற்பாட்டுக்குத்தான்.

1940இல் இது இன்னும் தெளிவு. பிரான்சின் கரையிலிருந்து கிளம்பும் ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109ஈ, லண்டன் மேல் ஏறத்தாழ 10 நிமிடம்தான் சண்டையிட முடியும். அதற்கு மேல் நின்றால் கால்வாயில் இறங்க வேண்டியதுதான். இன்னொரு பக்கம், ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினில் இருந்தது மிதவை கார்புரேட்டர். மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் எஞ்சின் இருமிவிடும். நேரடியாக எரிபொருளைப் பீய்ச்சும் 109க்கு அந்தத் தொல்லை இல்லை, அதனால் அது பாய்ந்து தப்பித்துவிடும். பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் துளையிட்ட ஒரு சிறு தகட்டைக் கொண்டு இதற்குத் தற்காலிகத் தீர்வு கண்டது 1941இல். ‘விளையாட எரிச்சலாக இருக்கிறது’ என்று இந்த இருமலை எடுத்துவிடச் சொல்கிறவர்கள், 109இன் எரிபொருள் கவலையையும் எடுக்கச் சம்மதிப்பார்களா? இரண்டு குறையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஒன்றை உருவினால் மற்றதும் சாயும்.

ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 262 (மெ 262) ஜெட்டும் இப்படியே. 1,400க்கு மேல் கட்டினார்கள், ஒரே நேரத்தில் வானில் இருந்தவை சொற்பம். ஏறும்போதும் இறங்கும்போதும் அது மெதுவானது என்று கண்டு, நேச நாட்டு விமானிகள் ஓடுபாதைக்கு மேலேயே காத்திருந்தார்கள். மிஷனில் அதைத் தடை செய்ய வேண்டாம். இரண்டே இரண்டு கொடுங்கள், ஓடுபாதையைத் திறந்து வையுங்கள்.

வலுச்சமனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வார் தண்டர் என்ற விளையாட்டு ஆண்டைப் பார்க்காமல், ‘பேட்டில் ரேட்டிங்’ என்ற வலு மதிப்பெண்ணைப் பார்த்து விமானங்களை மோதவிடுகிறதே, அதற்கு வலுச்சமன் கச்சிதம்.

> அப்படியானால் ‘சமவாய்ப்பு’?

பள்ளிக் கணக்குப் புத்தகம் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. சமவாய்ப்பு மாறி, சமவாய்ப்புச் சோதனை என்று படித்து வந்தவர்களுக்குப் பகடை உருட்டுவதுதான் நினைவுக்கு வரும். ‘வெற்றிச்சமன்’ என்றால் ஆட்டம் டிரா ஆனதுபோல் இருக்கிறது. என் பரிந்துரை ‘ஆடுசமன்’: ஆடுகளம் போல வினைத்தொகை, ஆட்டத்தில் கிடைக்கும் சமன். ஆட்டுக்கு இங்கே என்ன வேலை என்று யாராவது கேட்பார்கள். ஆடுகளத்தில் மேயாத ஆடு இதிலும் மேயாது.

> ‘ஹிஸ்டாரிக்கல் அக்யூரசி’க்கு ‘வரலாற்றுத் துல்லியம்’ போதும்தானே?

போதாது, அதற்குள் இரண்டு சங்கதி கிடக்கிறது. டிசிஎஸ் என்ற சிமுலேட்டரின் நார்மண்டி 1944 வரைபடம் 2017இல் வந்தபோது, ஜெர்மன் பக்கம் ஓட்டக் கிடைத்தவை 109 கே-4உம் 190 டி-9உம். இரண்டுமே விசை விசையாக, மானி மானியாக உழைத்துச் செய்தவை. ஆனால் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் கரையிறங்கிய ஜூனில் இந்த இரண்டில் ஒன்றுகூடப் படைப்பிரிவுகளுக்கு வந்திருக்கவில்லை, இலையுதிர் காலத்தில்தான் வந்தன. துல்லியம் இருக்கிறது, காலம் பொருந்தவில்லை. முதலாவதைத் துல்லியம் என்றும், இரண்டாவதைக் ‘காலப்பொருத்தம்’ என்றும் பிரித்துவிட்டால் பாதிச் சண்டை தீரும். (இங்கே காலப்பொருத்தம் போனது ஆடுசமனுக்காக அல்ல, கையில் இருந்த விமானங்கள் அவ்வளவுதான் என்பதால். அந்தக் காரணத்துக்கும் ஒரு சொல் இருந்தால் நல்லது.)

> ‘பிளேன்செட்’டுக்கு ‘விமான அணி’?

பிளேன்செட் என்பது ஒரு மிஷனில் ஓட்டக் கொடுக்கும் விமானங்களின் பட்டியல். ‘விமான அணி’ வேண்டாம், ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு) என்று படிப்பார்கள். ‘விமானத் தெரிவு’ என்கிறேன். ‘தெரிவு’ இலங்கையில் அன்றாடச் சொல், தமிழ்நாட்டிலும் புரியும். யாரோ உட்கார்ந்து பொறுக்கி எடுத்தது என்பதும் அதில் தெரிகிறது.

ஆக, நான் முன்வைப்பவை ஆடுசமன், வலுச்சமன், காலப்பொருத்தம், விமானத் தெரிவு. விக்சனரியில் ஏற்றுவதற்கு முன் ஆடுசமனுக்கு மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். ‘ஒரு மிஷனுக்கு இத்தனை மெ 262தான்’ என்ற கட்டுப்பாட்டுக்கு ‘எண்வரம்பு’ என்று தோன்றுகிறது, அதை விடச் சுருக்கமாக யாரிடமாவது இருக்கிறதா?

அன்புடன்.