மறு: புரொப்பெல்லர் சாஃப்ட் ‘ஃபேஸிங்’ - ‘கவைநேர்’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். புரொப்பெல்லர் சாஃப்டின் ‘ஃபேஸிங்’குக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். வந்த பதில்களை எல்லாம் படித்துவிட்டேன். இடையில் சேர்ந்தவர்களுக்காக, இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் சொல்லை மட்டும் எடை போட்டால் சரியாக வராது.

எங்கள் வீட்டில் இருப்பது 1977 அம்பாசிடர், மார்க் 3. அப்பா ஓட்டிய வண்டி. பழைய 1489 சிசி இன்ஜின் ஓய்ந்துபோனதால், 1.8 லிட்டர் இசுசு இன்ஜினையும் அதன் ஐந்து கியர் பெட்டியையும் வைத்தோம். அனுமதி வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் மாற்றத்தை ஏற்றியாயிற்று. கியர் பெட்டி மாறியதும், அதன் சுற்றைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் நீளக் குழலான புரொப்பெல்லர் சாஃப்ட் பொருந்தவில்லை. குழலை அறுத்துக் குறுக்கி, முனையில் இருக்கும் கவட்டை இரும்பை (யோக்) மறுபடி பற்றவைக்க வேண்டும். வேலூரில் ஒரு கடைசல் பட்டறையில் கொடுத்தேன். கொடுக்கும்போது மேஸ்திரியிடம், “ஃபேஸிங் பார்த்துப் போடுங்க” என்றேன். “அதெல்லாம் பக்காவா போட்டுடலாம் சார்” என்றார்.

போட்டார். அறுத்த குழலின் வாயை லேத்தில் ஏற்றி, கண்ணாடி மாதிரி முகம் சீவியிருந்தார். லேத் வேலை தெரிந்தவர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். கடைசல் பட்டறையில் ஃபேஸிங் என்றால் முனையைச் சமமாகச் சீவுவது. நான் கேட்டது வேறு ஃபேஸிங். ஆங்கிலத்தில் அவை இரண்டு சொற்கள், எழுத்தும் வேறு: சீவுவது facing, நான் கேட்டது phasing, அதாவது இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் நிற்பது. நம் வாயிலும் நம் எழுத்திலும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. மேஸ்திரி மேல் எனக்கு வருத்தமே இல்லை. நான் சொன்னதை அவர் அப்படியே செய்தார்.

வண்டி 60 கி.மீ. வேகம் தொட்டதும் காலடியில் ஒரு குமுறல். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி ஆம்பூர் போவதற்குள் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரிந்தது. பேலன்ஸ் சரியில்லை என்று திரும்பப் போனேன். மெஷினில் ஏற்றிக் காட்டினார், பேலன்ஸ் சுத்தமாக இருந்தது. இன்ஜின் மவுண்ட் மாற்றினேன், மூட்டுகளுக்குள் இருக்கும் கூட்டல் குறி வடிவ இரும்பான கிராஸ் இரண்டையும் புதிதாகப் போட்டேன். மூன்றாம் முறை, “மேஸ்திரி, நேர் பாத்துதானே பத்த வெச்சீங்க?” என்று கேட்டேன். கோட்டம் அளக்கும் டயல் வைத்துச் சுற்றிக் காட்டினார். குழலில் கோட்டமே இல்லை. நேர் என்றதும் அவர் குழலின் நேரைப் பார்த்தார். முனை யோக்குகள் ஒன்றுக்கொன்று முப்பது பாகையாவது திருகி நின்றதை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

ஏன் அது முக்கியம் என்று இயந்திரம் தொடாத நண்பர்கள் கேட்டிருந்தீர்கள். சாஃப்டின் இரு முனையிலும் கவட்டை மாதிரி இரண்டு விரல் நீட்டிய இரும்பு இருக்கும், அதுதான் யோக். விரல் நுனிகளில் கண். கண்களுக்குள் கிராஸ் உட்காரும். சாய்ந்த நிலையில் சுற்றும் இப்படிப்பட்ட மூட்டு, உள்ளே வரும் வேகத்தை அப்படியே வெளியே விடாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். 10 பாகை சாய்வில் இந்த ஏற்ற இறக்கம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். மறுமுனை மூட்டும் அதே சாய்வில் இருந்து, குழலின் இரண்டு யோக்குகளும் ஒரே தளத்தில் படுத்திருந்தால், முதல் மூட்டு கூட்டியதை இரண்டாவது கழித்துவிடும். பின் அச்சுக்குச் சீரான சுற்றுதான் போகும். தளம் மாறினால் கழிவது குறையும். 90 பாகை திருகி நின்றால் இரண்டும் சேர்ந்து 3 சதவீதமாகிவிடும். பேலன்ஸ் மெஷினில் இது தெரியவே தெரியாது. அங்கே குழல் சாய்வில்லாமல் தனியாகச் சுற்றுகிறது.

ஆக, நமக்கு வேண்டியது இந்தத் தளப் பொருத்தத்துக்கு ஒரு சொல். அதுவும் எப்படிப்பட்ட சொல்? வெல்டிங் தொடங்குவதற்கு முன்னால், லேத் ஓடும் சத்தத்தில், ஒருவர் இன்னொருவரைப் பார்த்துக் கத்திச் சொல்லக்கூடிய சொல். “அதைப் பார்த்தியா?” என்ற கேள்வியில் ‘அதை’ இருக்கும் இடத்தில் உட்கார வேண்டும். எந்தச் சொல் வந்தாலும் இந்தச் சோதனையைத்தான் வைக்கிறேன்.

> இயற்பியல் பாடநூலில் ‘கட்டம்’, ‘கட்ட வேறுபாடு’ எல்லாம் இருக்கின்றனவே. ‘கட்ட ஒத்திசைவு’ என்றே வைக்கலாம்.

கருத்தளவில் இது சரிதான். இரண்டு மூட்டுகளின் வேக ஏற்ற இறக்கமும் அலைகள்தாம், அவற்றின் கட்டம்தான் இங்கே விஷயம். பாடநூலில் இதை விளக்கும் இடத்தில் தாராளமாக எழுதலாம். பட்டறையில் “கட்ட” என்று தொடங்கினால் கயிறு கட்டுவதா என்று கேட்பார்கள். மேலும், அந்த நேரத்தில் அவர் கண் முன்னால் இருப்பது இரும்பு. அலையை அவர் பார்க்கவில்லை. எந்த இரும்பைப் பார்க்கச் சொல்கிறோம் என்பது சொல்லிலேயே இருக்க வேண்டும்.

பதில்களில் வந்த ‘ஒருமுகம்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு நாள் வாயில் போட்டுப் பார்த்தேன். ஆனால் முகம் சீவுதல் என்று ஏற்கெனவே இருப்பதால், நான் விழுந்த அதே பள்ளத்தில் மறுபடி விழ வைக்கும். யோக் என்பதை நேராக ‘நுகம்’ ஆக்கிய யோசனையும் வேண்டாம். நுகத்தடி இரண்டு மாட்டுக் கழுத்தில் படுக்கும் ஒற்றைக் கட்டை. இந்த இரும்புக்கு அந்த உருவமே கிடையாது.

என் முன்மொழிவு: யோக்குக்குக் கவை. தளப் பொருத்தத்துக்குக் கவைநேர். கூடவே, குழலில் கோட்டம் இல்லாமல் இருப்பதற்குக் குழல்நேர். நானும் மேஸ்திரியும் தடுமாறியது ‘நேர்’ என்ற சொல்லில் இல்லை, எதன் நேர் என்று சொல்லாமல் விட்டதில்தான். கொத்தனாரிடம் மட்டம் பார், தூக்கு பார், நூல் பிடி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தானே சொல்கிறோம்? மட்டம் சரியாக இருந்து தூக்கு தவறினால் சுவர் சாயும் என்பது சித்தாளுக்கும் தெரியும். அதே மாதிரி இங்கே இரண்டு பார்வை, இரண்டு சொல்.

> கவை என்றதும் ‘கவைக்கு உதவாத’ பேச்சுதான் நினைவுக்கு வருகிறது. தவிர, இது பட்டறையில் புழங்காத இலக்கியச் சொல் இல்லையா?

மரத்தில் கிளை பிரியும் இடம் கவை. கவட்டை, கவட்டுக்கால் எல்லாம் தினப் பேச்சில் இருக்கின்றன. யோக்கைக் கையில் கொடுத்து “இது என்ன மாதிரி இருக்கு?” என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் கவட்டை என்பார்கள். ‘கவைக்கு உதவாத’ என்ற வழக்கு அதன் போக்கில் இருக்கட்டும். கிரீஸ் கையோடு நிற்பவருக்கு அது நினைவுக்கு வராது.

அப்புறம், பட்டறையில் யார் தமிழ்ச் சொல் கேட்டார்கள் என்ற கேள்வி. இது எப்போதும் வருவதுதான். கடைசல், பத்தவைப்பு, உளிக்கும் அரிவாளுக்கும் தோய்ச்சல், இவையெல்லாம் அங்கேயே இருக்கின்றன. பின்பக்க லீஃப் ஸ்பிரிங்குக்குப் பெயர் கமான் பட்டை. கமான் என்றால் பாரசீகத்தில் வில். நம் ஊரில் அதே பட்டைகள் மேல் ஏறி வந்த மாட்டு வண்டியை வில்வண்டி என்றார்கள். ஆட்கள் எதைப் பார்க்கிறார்களோ அதற்குப் பெயர் வைக்கிறார்கள். ஏலகிரிக்கு ஏறும் 14 வளைவுகளையும் கொண்டை ஊசி வளைவு என்று சொல்லாதவர் நம் பக்கம் உண்டா? ஆங்கிலத்தைப் பார்த்து ஆக்கிய சொல்தான் அது. கொண்டை ஊசியை எல்லோருக்கும் தெரியும் என்பதால் நின்றுவிட்டது. சஸ்பென்ஷனுக்கு ‘இடைநீக்கம்’ என்று இணையத்தில் கார் விமர்சனம் எழுதுகிறார்களே, அது நிற்காது, நிற்கவும் கூடாது. அது வேலையிலிருந்து ஆளை நிறுத்தி வைப்பதற்கான சொல். சக்கரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. (அதற்கு நல்ல சொல் தேட ஒரு தனி இழை தொடங்க வேண்டும். இங்கே கலக்க வேண்டாம்.)

கிராஸை ‘சிலுவை மூட்டு’ ஆக்கும் யோசனைக்கு நன்றி. எனக்கு அவசரம் தெரியவில்லை. கிராஸ் என்று சொல்லி யாரும் தவறான பொருளை வாங்கி வந்ததில்லை.

கோவை நண்பர் கேட்டது மட்டும் உண்மையாகவே இடிக்கிறது. சில வண்டிகளில் சாய்வுகள் ஒரே தளத்தில் அமையாததால், தொழிற்சாலையிலேயே கவைகளைக் கணக்குப் போட்டுத் திருகி வைப்பார்கள். அங்கே ‘நேர்’ என்றால் தவறாகிவிடுமே? ஆகவே இரண்டு கவைகளும் ஒன்றுக்கொன்று எத்தனை பாகை திருகி நிற்கின்றன என்ற அளவுக்குக் கவைக்கோணம் என்று வைப்போம். அது சுழியமாக இருக்கும் நிலை கவைநேர். நடுவில் ஒன்றுக்குள் ஒன்று செருகும் பல் வரிசை (ஸ்ப்ளைன்) உள்ள சாஃப்டைக் கழற்றும்போது ஒரு பல் தள்ளி மாட்டினாலும் கவைக்கோணம் மாறிவிடும். கழற்றுமுன் இரண்டு பக்கமும் பெயின்டால் பொட்டு வைக்கும் பழக்கம் இதற்காகத்தான். ‘பொட்டு’ என்பதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம், அதை யாரும் புதிதாக ஆக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை சாஃப்டை மறுபடி அதே பட்டறைக்கு எடுத்துப் போனேன். பழைய வெல்டிங்கைக் கடைந்து எடுத்து, யோக்கைத் தட்டி உட்கார வைத்து, நான்கு இடத்தில் மட்டும் வெல்டிங் புள்ளி வைத்திருந்தார்கள். அங்கே வேலை பழகும் பையனிடம், “தம்பி, கவைநேர் பாத்துட்டியா?” என்றேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. “கவைன்னா இதுவாண்ணா?” என்று யோக்கின் இரண்டு விரலையும் தொட்டுக் கேட்டான். தலையாட்டினேன். இரண்டு முனையின் கண்களிலும் ஒவ்வொரு கம்பியைச் செருகி, குழலை உருளாமல் தாங்கும் வி-பிளாக்கில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு முனையிலிருந்து பார்த்தான். முன் கம்பி பின் கம்பியை முழுசாக மறைக்கவில்லை. “கொஞ்சம் திரும்பியிருக்குண்ணா” என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்தான்.

கொங்குப் பக்கமோ நெல்லைப் பக்கமோ லாரிப் பட்டறைகளில் இதற்கு ஏற்கெனவே ஒரு பேச்சுச் சொல் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் கவைநேரை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
வேலூரிலிருந்து