பிளாக்கிங்: தமிழில் என்ன சொல்வது? (லேஸ் சால்வைக் கையேடு)

நூற்கண்டு எழுதியது:

அன்புள்ள நண்பர்களுக்கு,

பின்னல் வகுப்புக்கான ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திருமணம் போன்ற விழாவுக்குத் தோளில் போட்டுக்கொள்ளும் முக்கோண லேஸ் சால்வை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஸ்டிச்சுக்குக் கண்ணி, நிட்டுக்கு நேர்க்கண்ணி, பர்லுக்கு மறுகண்ணி என்று முடிவாகிவிட்டது. இரண்டு கண்ணியை ஒன்றாக்கும் குறைப்புகளுக்கு, அவை சாயும் பக்கத்தை வைத்து வலச்சாய்வு, இடச்சாய்வு. நிற்பவை மூன்று: லேஸ், யார்ன் ஓவர், பிளாக்கிங்.

பிளாக்கிங்தான் அவசரம். கணினி மொழிபெயர்ப்பு அதைத் 'தடுத்தல்' என்கிறது. செய்வது இதுதான்: பின்னி முடித்த சால்வையைக் குளிர்ந்த நீரில் 20 முதல் 30 நிமிடம் ஊறவைத்து, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, துவாலையில் சுருட்டி ஈரத்தை எடுத்து, மெத்தைப் பலகைமேல் இழுத்து விரித்துக் குண்டூசி குத்தி, முழுதும் காயவிடுவது. அதுவரை கசங்கிய துணிபோல இருந்தது அப்போதுதான் சால்வையாகிறது. துளைகள் திறக்கின்றன, அளவும் கூடுகிறது. இத்தனைக்கும் சேர்த்து ஒரு சொல் வேண்டும்.

பனுவல் எழுதியது:

சொல் நம் நெசவாளரிடமே இருக்கிறது. பாவை, அதாவது தறியின் நெடுக்கு இழைகளை, நீள விரித்துக் கஞ்சியிட்டுக் குச்சால் வாரி உலர்த்துவதைப் பாவாற்றுதல் என்பார்கள். அந்தக் குச்சுக்குப் பாவாற்றி என்றே பெயர். தலை குளித்தபின் கூந்தல் ஆற்றுவதும் இதே வினை. ஆறு, மாறு, ஏறு தன்வினை; ஆற்று, மாற்று, ஏற்று பிறவினை. ஈரம் தானே ஆறினால் ஆறுதல், நாம் விரித்து ஆறவைத்தால் ஆற்றுதல். ஆகவே 'இழையாற்றல்'. (ஆற்றுப்படையில் வரும் ஆறு வேறு, அது வழி. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஆற்றுப்படை என்றதும் நினைவுக்கு வருகிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் கொடுக்கும் ஆடை, இழை ஓடிய வழியைக் கண் தொடர முடியாத நுண்மை உடையது, பாம்பின் உரி போன்றது. லேஸுக்கு 'அரவுரி' என்று வைத்தால் எத்தனை அழகு!

யார்ன் ஓவருக்கும் சொல்லிவிடுகிறேன். அதனால் உண்டாவது துளை. காற்று வரும் வழியைச் சிலம்பு 'காலதர்' என்கிறது: கால் காற்று, அதர் வழி. மாளிகைச் சுவருக்குப் பொருந்தியது சால்வைக்கும் பொருந்தும்.

ஊசிமுனை எழுதியது:

பனுவல் ஐயா, அரவுரி அழகுதான், ஆனால் பொருள் தலைகீழாகிறது. அந்த ஆடையில் பார்வை நுழைய முடியாது என்பது சிறப்பு. லேஸில் பார்வை நுழையத்தான் துளை.

காலதரிலும் சிக்கல் உண்டு. யார்ன் ஓவர் என்பது துளை அன்று, ஒரு செயல்: நூலை ஊசிமேல் ஒருமுறை வளைத்துப் போடுவது. அந்த வரிசை முடியும்போது ஊசியில் ஒரு வளையம்தான் கூடியிருக்கும். அடுத்த வரிசையில் அதை முன்கால் (வளையத்தில் ஊசிக்கு முன்னே இருக்கும் பாதி) வழியாகப் பின்னினால்தான் துளை. பின்கால் வழியாகப் பின்னினால் முறுக்கிக்கொண்டு துளை அடைபட்டுவிடும். 'காலதர் இடுக' என்று எழுதினால் மாணவர் ஊசிக்குக் கீழே ஓட்டையைத் தேடுவார். மேலும் ஒவ்வொரு யார்ன் ஓவரும் ஒரு கண்ணியைக் கூட்டுகிறது. அதற்கு ஈடாக ஒரு சாய்வுக் குறைப்பு இருக்க வேண்டும். சால்வை அகலவேண்டிய இடங்களில் மட்டும் ஈடு கிடையாது: மேலிருந்து தொடங்கும் முக்கோணத்தில் இரண்டு ஓரத்திலும், சால்வையின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் நடுத்தண்டின் இருபுறமுமாக, முன்பக்க வரிசைக்கு 4 கண்ணி கூடும். எண்ணிக்கை ஒன்று குறைந்தால் பெரும்பாலும் ஒரு யார்ன் ஓவர் விட்டுப்போயிருக்கும். பிரிக்க வேண்டாம். அடுத்த வரிசையில் அந்த இடத்துக்கு வரும்போது, இரு கண்ணிக்கு இடையே கிடக்கும் இழையை இடக்கை ஊசியால் முன்னிருந்து பின்னாக எடுத்து முன்கால் வழியாகப் பின்னினால் போதும். இதையெல்லாம் விளக்க, செயலின் பெயர்தான் தேவை.

ஆற்றுதல் பற்றி. உலர்த்துவது பாதி வேலைதான், இழுத்து ஊன்றுவதே உயிர். ஊன்றாமல் உலர்த்தினால் சுருங்கிய சால்வைதான் மிஞ்சும். கம்பளி நாரின் உள்ளிருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நீரில் தளர்ந்து, உலரும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் மறுபடி பிணைகின்றன. ஆகையால் அரை ஈரத்தில் குண்டூசியைப் பிடுங்கினால் உள்வாங்கிக்கொள்ளும். மறுபடி துவைத்தாலும் போய்விடும், திரும்பச் செய்ய வேண்டும். பருத்தி இழுத்த நிலையில் அதிக நாள் நிற்காது. அக்ரிலிக் நீருக்கு மசியாது. இஸ்திரிப்பெட்டி படாமல் ஆவி காட்ட வேண்டும், ஒருமுறை தளர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பாது. நான் சொல்வது: 'விரித்தூன்றல்'.

எளிமொழி எழுதியது:

பிளாக்கிங்கைப் பிளாக்கிங் என்றே விடுங்கள். மாணவர் வீட்டுக்குப் போய் காணொளி தேடும்போது விரித்தூன்றல் என்று தேடினால் ஒன்றும் வராது. கைக்குப் பழகிய சொல்லை மாற்றினால் கை தடுமாறும்.

லேஸுக்கு ஒன்று மட்டும்: தயவுசெய்து 'சரிகை' என்று போடாதீர்கள். சில அகராதிகளில் இருக்கிறது, தவறு. சரிகை உலோக இழை. தமிழில் லேஸுக்கு ஏற்கனவே புழங்கும் சொல் ரேந்தை. போர்த்துகீசிய 'ரெந்தா'விலிருந்து வந்தது. அலமாரி, மேசை, சன்னல் வந்த வழியில்தான் இதுவும் வந்தது.

பனுவல் எழுதியது:

ரேந்தையை ஏற்கிறேன், ஆனால் ரகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது. 'இரேந்தை' என்று எழுதுவோம். வடசொல்லுக்கே வடவெழுத்தை நீக்கி வா என்றவர் தொல்காப்பியர். போர்த்துகீசியத்துக்கு மட்டும் விலக்கு எதற்கு?

எளிமொழி எழுதியது:

ஐயா, ரேந்தையில் இருப்பது தமிழ் எழுத்துதான், நீக்க வேண்டிய அயலெழுத்து எதுவும் இல்லை. முதனிலை விதியைச் சொன்னால் ரயில், ரொட்டி, ரசம் மூன்றையும் திருத்திவிட்டு வர வேண்டும். கையேட்டில் இரேந்தை என்று பார்த்தால் படிப்பவர் அதை வேறு ஏதோ பொருள் என்று நினைப்பார்.

நூற்கண்டு எழுதியது:

ரேந்தை, இகரம் இல்லாமல். மன்னிக்கவும் ஐயா.

யார்ன் ஓவருக்கு 'சுற்று' என்று எழுதியிருந்தேன். ஆனால் வட்ட ஊசியில் பின்னும்போது ஒரு முழு வளையம் வருவதும் சுற்றுதான். 'நூலேற்று' என்றால், முதல் வரிசைக்குக் கண்ணி ஏற்றுவதோடு மோதுகிறது. ஊசிமுனை அம்மா சொன்ன வளைத்துப் போடுவதிலிருந்து 'நூல்வளை' எடுக்கலாமா? கட்டப்படத்தில் எழுத்தே தேவையில்லை, வழக்கமான சிறு வட்டக்குறி இருக்கிறது.

இன்னொன்று விட்டுப்போனது: லைஃப்லைன். 'உயிர்க்கோடு' சரியா?

ஊசிமுனை எழுதியது:

நூல்வளை நன்று. பெயராகவும் நிற்கும், 'நூலை வளை' என்று ஏவலாகவும் நிற்கும்.

உயிர்க்கோடு வேண்டாம், அது கோடு இல்லை, இழை. 'காப்பிழை' என்று போடுங்கள். வேலைப்பாடு இல்லாத பின்பக்க வரிசை முடிந்ததும், மழுங்கிய தையலூசியில் வழவழப்பான மெல்லிய பருத்தி நூலைக் கோத்து எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஓட்ட வேண்டும். குறிவளையங்களுக்குள் ஓட்டக்கூடாது, ஓட்டினால் வளையம் மாட்டிக்கொள்ளும். வேறு நிறம் வேண்டும், ஆனால் சாயம் போகாததாக. பின்னால் தவறு தெரிந்தால் அதுவரைக்கும் பிரித்தால் போதும். கோலம் ஒருமுறை முடிய ஒரு காப்பிழை என்பது கணக்கு.

கையேட்டின் நான்காம் பக்கத்தில் 'பாதி வரிசை முடிந்தால் பாதி நூல் தீர்ந்திருக்கும்' என்று இருக்கிறது. தவறு. முக்கோணம் விரிந்துகொண்டே போவதால் பாதி வரிசையில் கால்பங்கு நூல்தான் தீரும். பாதி நூல் தீர்வது பத்தில் ஏழு பங்கு வரிசை முடியும்போது. கையேட்டின் கணக்கை நம்பி ஓரக்கரையைத் தொடங்கினால் முடிப்பு வரிசைக்கு நூல் இருக்காது.

இழையூர் எழுதியது:

காப்பிழை அருமை. சொல்லாக்கம் நடக்கும்போதே இரண்டைச் சேர்க்கிறேன். எஸ்தோனியாவின் ஹாப்சலு சால்வைகளில் ஒரே கண்ணிக்குள் 5, 7 அல்லது 9 வளையம் எடுத்து, அடுத்த வரிசையில் எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாகப் பின்னுவார்கள். அங்கே 'நுப்', நமக்கு 'மொட்டு'. வளையங்களைத் தளர்வாக எடுக்காவிட்டால் அடுத்த வரிசையில் ஊசி நுழையாது. ஷெட்லாந்தின் உன்ஸ்ட் தீவில், மோதிரத்துக்குள் இழுத்தால் வந்துவிடும் அளவு மெல்லிய சால்வைகள் பின்னியிருக்கிறார்கள். அதற்குக் 'கணையாழிச் சால்வை'.

பனுவல் எழுதியது:

கணையாழிச் சால்வைக்கு மனமார்ந்த வாழ்த்து. பிளாக்கிங்குக்கு என் கடைசி முன்மொழிவு: விரித்து + ஆற்று, 'விரித்தாற்று'. 'ஆற்றல்' என்றால் வலிமை என்று மயங்குவார்கள் என்பதை ஒப்புகிறேன், ஆகவே பெயர் 'விரித்தாற்றுதல்'.

நூற்கண்டு எழுதியது:

நேரம் நெருங்கிவிட்டது. விரித்தாற்றுதலுக்கு நால்வர் சம்மதம் தனிமடலில் வந்திருக்கிறது, விரித்தூன்றலுக்கு இருவர். முதல்முறை வரும் இடத்தில் 'விரித்தாற்றுதல் (பிளாக்கிங்)' என்று தமிழெழுத்தில் போட்டுவிடுகிறேன். எளிமொழி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எளிமொழி எழுதியது:

அடைப்புக்குறி இருக்கும்வரை எனக்குச் சம்மதம்.

ஊசிமுனை எழுதியது:

எனக்குச் சம்மதமில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள். ஊன்றுதல் இல்லாத சொல் பாதிச் சொல். பெயரில் இடமில்லை என்றால் செய்முறையின் முதல் வரியிலாவது இதைச் சேருங்கள்: 'துருப்பிடிக்காத குண்டூசிகளை நடுத்தண்டில் முதலில் குத்துக, பிறகு மேல் ஓரத்தின் இரு நுனி, பிறகு கரையின் முனைகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக.' முடிப்பு வரிசை இறுக்கமாக இருந்தால் முனைகள் இழுபடவே மாட்டா. ஆகையால் அதற்கு முந்திய பக்கத்தில், இரண்டிரண்டாகப் பின்கால் வழியாகச் சேர்த்துப் பின்னி, வந்த கண்ணியை இடக்கை ஊசிக்கே திருப்பி முடிக்கும் முறையைக் கொடுங்கள். விழாவுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக இந்த வேலையைச் செய்யச் சொல்லுங்கள், மடித்து அடுக்கிவைத்தால் மடிப்புக்கோடு விழும், உருட்டி வைக்க வேண்டும்.

நூற்கண்டு எழுதியது:

சேர்த்துவிட்டேன். முதல் வரி 'குண்டூசி' என்றே தொடங்குகிறது.