போகும்போது 30, வரும்போது 60: சராசரி 45தானே? அவசரம், நாளைக்கு டெஸ்ட்

பொதட்டூர்தறி (இரவு 8:52)
வணக்கம். பையன் பிளஸ் ஒன். பிசிக்ஸ் கணக்கு ஒன்று. போகும்போது 30, வரும்போது 60, சராசரி எவ்வளவு? நான் 45 என்கிறேன். டீச்சர் சிவப்பு மையில் 40 என்று போட்டிருக்கிறார். இவன் எழுதி வைத்திருப்பது 0. பூஜ்யம்! கேட்டால் “அதுதான் சரி, எனக்குத் தெரியும்” என்று அடம்பிடிக்கிறான். மூன்றில் எது சரி? நாளைக்கு டெஸ்ட், சீக்கிரம் சொல்லுங்கள்.

மைலேஜ் மன்னன் (8:58)
லிட்டருக்கா? எந்த வண்டி? போகும்போது 30தான் கிடைக்கிறது என்றால் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். டயரில் காற்று குறைந்தாலும் இப்படி ஆகும்.

பிளஸ்டூ முடித்தவள் (9:01)
அண்ணா, முழுக் கேள்வியையும் அப்படியே போடுங்கள். 30 என்பது மணிக்குக் கிலோமீட்டரா, விநாடிக்கு மீட்டரா? போன வழியிலேயே திரும்பினார்களா? பாதித் தூரம் 30, பாதித் தூரம் 60ஆ? இல்லை பாதி நேரம் 30, பாதி நேரம் 60ஆ? இது தெரியாமல் விடை சொல்ல முடியாது.

சூத்திரதாரி (9:03)
எதற்கு இத்தனை கேள்வி? இரண்டையும் பெருக்கு, இரட்டிப்பாக்கு, கூட்டுத்தொகையால் வகு. 30 × 60 = 1800. இரட்டித்தால் 3600. கீழே 90. விடை 40. டீச்சர் சரி. தூரமே வேண்டாம். இழையைப் பூட்டலாம்.

பிளஸ்டூ முடித்தவள் (9:05)
பாதி நேரம், பாதி நேரம் என்று கேள்வி இருந்தால் 45தான் வரும், உங்கள் சூத்திரம் அங்கே செல்லாது. அதனால்தான் கேட்டேன்.

சூத்திரதாரி (9:06)
பரீட்சையில் எப்போதும் தூரம்தான் பாதிப் பாதியாக வரும். இருபது வருஷமாகப் பார்க்கிறேன்.

பழைய வாத்தியார் (9:14)
இதே கேள்விக்கு இங்கே எத்தனையாவது முறையாகப் பதில் எழுதுகிறேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். தேடல் பெட்டி என்று மேலே ஒன்று இருக்கிறது, அதை யாரும் தொடுவதில்லை.

45 எங்கிருந்து வருகிறது? தொடக்கத்தையும் முடிவையும் கூட்டிப் பாதியாக்குவதிலிருந்து. அது சீரான முடுக்கத்தோடு, அதாவது வேகம் ஒரே சீராகக் கூடிக்கொண்டே போகும் பொருளுக்குப் பொருந்தும். 14ஆம் நூற்றாண்டிலேயே ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரிக்காரர்கள் கண்டுசொன்ன விதி. பிரான்சில் ஒரெம் அதைப் படம் வரைந்து நிறுவினார். விழும் பொருளுக்குக் கலிலியோ 1638இல் எடுத்துக்கொண்டதும் அதைத்தான். உங்கள் வண்டி போகும்போது முழுக்க 30, வரும்போது முழுக்க 60. இதில் சீரான முடுக்கம் எங்கே இருக்கிறது?

0 என்று எழுதிய பையனைப் பற்றி என்ன சொல்ல? பாடப் புத்தகத்தைத் திறந்திருக்க மாட்டான். பெற்றோராவது திறக்கலாம்.

ரேணிகுண்டா பாசஞ்சர் (9:20)
எல்லோரும் ஒன்றை மறக்கிறீர்கள். நிற்கிற நேரமும் கணக்கில் சேரும். போய்ச் சேர்ந்ததும் வண்டி உடனே திரும்பிவிடுமா? டிரைவர் டீ குடிக்க மாட்டாரா? ஒரு பக்கம் 60 கி.மீ. என்று வையுங்கள். போக 2 மணி, வர 1 மணி, அங்கே நின்றது 1 மணி. ஆக 4 மணியில் 120 கி.மீ. சராசரி 30. நிற்கிற நேரம் உள்ளே வந்துவிட்டால் தூரமும் தெரிந்தாக வேண்டும், சூத்திரதாரியின் சூத்திரம் அங்கேயே படுத்துவிடும். எங்கள் லைனில் கிராசிங்குக்கு நிறுத்தியே பாதி ஆயுள் போய்விட்டது. வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை ஸ்டேஷன் பலகையை ஒவ்வோர் எழுத்தாகப் படித்து முடித்த பிறகும் சிக்னல் விழாது.

சூத்திரதாரி (9:22)
கேள்வியில் டீ இல்லை.

ரேணிகுண்டா பாசஞ்சர் (9:23)
கேள்வியே இன்னும் வரவில்லையே!

பொதட்டூர்தறி (9:31)
மன்னிக்கவும், சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். நான் அண்ணா இல்லை, அக்கா. கேள்வி இதுதான்:

“திருத்தணியிலிருந்து ஒரு பேருந்து மணிக்கு 30 கி.மீ. வீதம் நகரிக்குச் சென்று, நிற்காமல் அதே சாலையில் மணிக்கு 60 கி.மீ. வீதம் திருத்தணிக்கே திரும்புகிறது. பேருந்தின் சராசரி வேகம் என்ன?”

டீ இல்லை. சூத்திரம் போட்டால் 40 வருகிறது, சரி. ஆனால் ஏன் 45 இல்லை என்று எனக்குப் புரிய வேண்டும். போகிற தூரமும் வருகிற தூரமும் ஒன்றுதானே? அப்போது இரண்டுக்கும் சம பங்குதானே? நான் பத்தாவது வரைதான், வாத்தியார் ஐயா திட்டாமல் சொல்லவும்.

பிளஸ்டூ முடித்தவள் (9:44)
அக்கா, பெயரிலேயே தறி இருக்கிறது, தறியிலேயே சொல்கிறேன். ஒவ்வொன்றும் 6 மீட்டர் என்று இரண்டு சேலை. முதல் சேலையில் இழை அறுந்து அறுந்து மணிக்கு 1 மீட்டர்தான் ஓடியது. இரண்டாவது மணிக்கு 2 மீட்டர். சராசரி ஒன்றரை என்று தோன்றும். ஆனால் முதல் சேலைக்கு 6 மணி நேரம் உட்கார்ந்தீர்கள், இரண்டாவதற்கு 3 மணி நேரம். மொத்தம் 9 மணியில் 12 மீட்டர். மணிக்கு ஒன்றரை மீட்டர் ஓடியிருந்தால் 9 மணியில் பதிமூன்றரை மீட்டர் வந்திருக்க வேண்டும், வரவில்லையே. சேலை இரண்டும் சமம், உட்கார்ந்த நேரம் சமமில்லை.

பஸ்ஸும் அப்படித்தான். ஒரு பக்கம் 60 கி.மீ. என்று சும்மா வைத்துக்கொள்ளுங்கள் (நிஜத்தில் அவ்வளவு இல்லை என்று எனக்கும் தெரியும்). போக 2 மணி, வர 1 மணி. மணி மணியாக எழுதுங்கள்: முதல் மணி 30, இரண்டாம் மணி 30, மூன்றாம் மணி 60. கூட்டி மூன்றால் வகுங்கள். 120ஐ 3ஆல் வகுத்தால் 40. நீங்கள் 30ஐ ஒரு தடவைதான் எண்ணினீர்கள், பஸ் அதில் இரண்டு மடங்கு நேரம் ஓடியிருக்கிறது.

சராசரி வேகம் என்றால் மொத்தத் தொலைவு வகுத்தல் மொத்த நேரம். சூத்திரம் மறந்துபோனாலும் இது கைவிடாது.

பொதட்டூர்தறி (9:49)
அட! மூன்று மணி நேரமாகப் பிரித்ததும் விளங்கிவிட்டது. ரொம்ப நன்றி பாப்பா.

மைலேஜ் மன்னன் (9:52)
அப்படியானால் ஒரு சந்தேகம். போகும்போது 30இல் போய்விட்டேன். மொத்தத்துக்கும் சராசரி 60 வர வேண்டும். திரும்பும்போது 90 போதுமா?

பிளஸ்டூ முடித்தவள் (9:55)
எவ்வளவு விரட்டினாலும் முடியாது. போக வர 120 கி.மீ. சராசரி 60 என்றால் மொத்தம் 2 மணிதான் கையில். அந்த 2 மணியும் போவதிலேயே செலவாகிவிட்டது. 90இல் வந்தாலும் சராசரி 45தான்.

மைலேஜ் மன்னன் (9:57)
ராக்கெட் வைத்தாலும்?

பிளஸ்டூ முடித்தவள் (9:57)
வைத்தாலும்.

நகரிக்காரன் (10:08)
அந்தப் பூஜ்யத்தை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். அக்கா, ஒன்று கேட்கலாமா? பையன் பத்தாவது வரை எங்கே படித்தான்? எந்த மீடியம்?

பழைய வாத்தியார் (10:11)
மீடியத்துக்கும் பூஜ்யத்துக்கும் என்ன தொடர்பு? பையன் வேகத்தையும் திசைவேகத்தையும் குழப்பிக்கொண்டான், அவ்வளவுதான். இடப்பெயர்ச்சி என்பது கிளம்பிய இடத்திலிருந்து சேர்ந்த இடம் வரை நேர்க்கோட்டில் உள்ள விலகல். கிளம்பிய இடத்துக்கே திரும்பினால் அது பூஜ்யம், ஆகவே சராசரித் திசைவேகம் பூஜ்யம். கேட்டது திசைவேகம் அல்ல, வேகம். கேள்வியைப் படிக்காமல் எழுதுவது இந்தத் தலைமுறையின் வியாதி.

பொதட்டூர்தறி (10:15)
ஆந்திரப் பக்கம் நகரியில்தான். அவன் அப்பாவுக்கு அங்கே பவர்லூமில் வேலை, அதனால் அங்கேயே சேர்த்தோம். தெலுங்கு மீடியம். இந்த வருஷம்தான் இந்தப் பக்கம் தமிழ் மீடியத்துக்கு மாற்றினோம். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், எழுதப் படிக்க அவன் பாட்டி சொல்லிக்கொடுத்தாள். எப்படித் தெரிந்தது?

நகரிக்காரன் (10:24)
நினைத்தேன். நானும் அதில் விழுந்து எழுந்தவன்.

தெலுங்குப் பாடப் புத்தகத்தில் திசை பார்க்காமல் சொல்வதற்கு ‘வடி’ என்று பெயர். திசையோடு சொன்னால் ‘வேகம்’. நாம் இங்கே திசைவேகம் என்பதை அங்கே வெறும் வேகம் என்பார்கள். சராசரிக்கும் அங்கே ‘சராசரி’தான், உச்சரிப்புகூட மாறாது. ஆக ‘சராசரி வேகம்’ என்ற இரண்டு சொல்லையும் பையன் தெலுங்கிலேயே படித்துவிட்டான். அங்கே அதற்கு விடை பூஜ்யம்தான். திருத்தணியில் கிளம்பி திருத்தணிக்கே வந்தால் வேறு என்ன வரும்?

அவன் கேள்வியைப் படித்துத்தான் எழுதியிருக்கிறான் ஐயா. எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பொருளில் படித்துவிட்டான். தெரியாத சொல்லாக இருந்தால் யாரிடமாவது கேட்டிருப்பான். தெரிந்த சொல்லாகப் போய்விட்டதுதான் வம்பு.

ரேணிகுண்டா பாசஞ்சர் (10:27)
இதுதான் இன்றைய இழை! பொன்பாடி எல்லையைத் தாண்டினால் வேகத்துக்கே அர்த்தம் மாறுகிறது என்பது இத்தனை வருஷம் அந்த லைனில் போய்வந்தும் எனக்குத் தெரியாது.

கொக்குவில் (10:35)
தெலுங்கு மட்டுமில்லை. இலங்கையில் எங்கட தமிழ்ப் புத்தகங்களிலும் ‘வேகம்’ என்றால் திசையோடு சேர்ந்ததுதான். திசை இல்லாததற்கு ‘கதி’ என்று சொல்லுவோம். நீங்கள் முடுக்கம் என்பது எங்களுக்கு ஆர்முடுகல், குறைந்துகொண்டு போனால் அமர்முடுகல். அந்தத் தம்பி யாழ்ப்பாணத்தில் பரீட்சை எழுதியிருந்தால் பூஜ்யத்துக்கு முழுப் புள்ளி.

பழைய வாத்தியார் (10:41)
‘கதி’ பழைய சொல், மறுக்கவில்லை. ஆனால் இங்கே “என்ன கதி ஆனான்” என்றுதான் காதில் விழும். ‘திசைவேகம்’ என்ற சொல்லிலேயே திசை இருக்கிறது, மாணவன் மறக்க வழியில்லை. எது நல்ல கலைச்சொல் என்பது இதிலேயே தெரியும்.

கொக்குவில் (10:46)
மறக்க வழியில்லை என்றால் இந்த இழை ஏன் ஐயா இவ்வளவு நீளம்? இரண்டு வேறுபட்ட அளவுக்கு இரண்டு தனிச் சொல் இருப்பதுதான் ஒழுங்கு. ஒன்றின் பெயருக்குள் மற்றதை வைத்தால் பிள்ளைகள் முன்பாதியை விட்டுவிட்டு எழுதுவார்கள்.

சூத்திரதாரி (10:50)
பாலக்காட்டில் ஐந்து வருஷம் டியூஷன் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மலையாளத்தில் திசைவேகத்துக்குப் ‘பிரவேகம்’. அங்கேயும் ஒரு தமிழ்ப் பையன் ‘பிர’வை அடித்துவிட்டு எழுதிக் கொடுத்தான். முன்னொட்டை நம்பக் கூடாது, கொக்குவில் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

மைலேஜ் மன்னன் (10:53)
வண்டியில் இருக்கிற மீட்டர் எதைக் காட்டும்? வேகமா, திசைவேகமா?

பிளஸ்டூ முடித்தவள் (10:55)
வேகம்தான், அதுவும் அந்தக் கணத்தின் வேகம். முள்ளுக்கு நீங்கள் புத்தூர் பக்கம் போகிறீர்களா அரக்கோணம் பக்கம் போகிறீர்களா என்று தெரியாது. பக்கத்தில் ஒரு திசைகாட்டியும் ஒட்டிவைத்தால் திசைவேகம் ஆகிவிடும்.

மைலேஜ் மன்னன் (10:56)
90இல் போனால் கடைசியில் புத்தூரில்தான், எலும்பு முறிவுக்குக் கட்டு போட.

ரேணிகுண்டா பாசஞ்சர் (10:59)
திருத்தணியே 1960 ஏப்ரல் வரை ஆந்திராவில்தானே இருந்தது. ம.பொ.சி. போராடியிருக்காவிட்டால் இந்தக் கணக்குக்கு டீச்சரும் பூஜ்யம்தான் போட்டிருப்பார்.

பழைய வாத்தியார் (11:04)
எல்லைப் போராட்டத்தை இயற்பியல் பிரிவுக்குள் இழுக்க வேண்டாம். கடந்த முறை அதில் நான்கு பக்கம் போனது.

பையனைப் பற்றி நான் எழுதியது அவசரம். மீடியம் மாறியது முதல் பதிவிலேயே இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அம்மா, நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவனையே இரண்டு வரிசை எழுதச் சொல்லுங்கள். வடி என்றால் இங்கே வேகம். வேகம் என்றால் இங்கே திசைவேகம். தூரத்தை இங்கே பெரும்பாலும் தொலைவு என்று போட்டிருக்கும். இடப்பெயர்ச்சிக்கு அங்கே என்ன?

நகரிக்காரன் (11:07)
ஸ்தானபிரம்சம்.

மைலேஜ் மன்னன் (11:08)
மந்திரி பதவி போனது போல இருக்கிறது.

நகரிக்காரன் (11:12)
அக்கா, இன்னொன்று. அவன் விடையை அடித்துவிட்டு 40 என்று மட்டும் எழுத வேண்டாம். “சராசரி வேகம் 40, சராசரித் திசைவேகம் 0” என்று இரண்டையும் எழுதட்டும். டீச்சரிடம் நோட்டைக் காட்டி நடந்ததைச் சொல்லுங்கள். வகுப்பில் அவன் ஒருவன் மட்டும் இப்படி வந்திருக்க மாட்டான்.

கொக்குவில் (11:20)
வாத்தியார் ஐயா, கதிக்கு இன்னும் பதில் வரவில்லை.

பழைய வாத்தியார் (11:26)
தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

பொதட்டூர்தறி (மறுநாள், மாலை 6:40)
டெஸ்டில் இந்தக் கணக்கு வரவில்லை. முடுக்கம்தான் வந்ததாம். டீச்சர் நோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம், 0 பக்கத்தில் இருந்த சிவப்பு இன்ட்டுவை அடித்துவிட்டாராம். முடுக்கம் என்பது த்வரணம்தானா என்று கேட்கச் சொல்கிறான். தறி ஓடுகிறது, அப்புறம் வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

நகரிக்காரன் (7:02)
ஆமாம், அதேதான். இதில் வம்பு இல்லை.