நூலகத்தில் கேமரா: எதுவரை சரி?

மேலூர் வாசகர்:
எங்க கிளை நூலகத்துல கேமரா வைக்கப் போறாங்க. வாசகர் வட்டத்துக்கிட்ட யோசனை கேட்டிருக்காங்க. பொம்பளைப் பிள்ளைங்க பயமில்லாம வரணும், யார் என்ன படிக்கிறாங்கன்னு வேவு பார்க்கவும் கூடாது. எங்கெங்க மாட்டலாம்? யார் எந்தப் புத்தகம் எடுத்தாங்கங்கிற பதிவேட்டை போலீஸ் கேட்டா என்ன பண்றது?

திருமங்கலம் நூலகர்:
வாசல், பை வைக்கிற இடம், அலமாரி வரிசை முனை, வண்டி நிறுத்துமிடம். இது போதும்ங்க. படிக்கிற மேஜைக்கு மேல மாட்டினா புத்தக அட்டை வரைக்கும் தெரியும். கணினித் திரை, கழிப்பறைப் பக்கம் வேண்டவே வேண்டாம். 30 நாள்ல பழைய பதிவு தானா அழியட்டும். கேமராப் படத்தைப் பதிவு பண்ற டிவிஆர் பெட்டியோட கடிகாரத்தை மாசாமாசம் பாருங்க, நேரம் தப்பினா பதிவு சாட்சிக்கு நிக்கிறது கஷ்டம். கம்பெனி கொடுத்த கடவுச்சொல்லை அன்னைக்கே மாத்திடணும். ‘கேமரா உள்ளது’ன்னு பலகையும் அவசியம்.

கே.கே. நகர் வக்கீல்:
போலீஸ் வாய்மொழியா கேட்டா பதிவேட்டை நீட்டாதீங்க. பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 94ஆம் பிரிவுப்படி எழுத்து உத்தரவு வாங்குங்க. அதுல கேட்ட பகுதியை மட்டும் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கோங்க. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு உச்ச நீதிமன்றம் 2017லயே சொல்லிடுச்சு. திரும்பி வந்த புத்தகத்தோட கடன் விவரத்தை, தணிக்கை முடிஞ்சும் பேரோட வச்சிருக்கிறதுதான் பெரிய ஓட்டை.

மேலூர் வாசகர்:
நன்றி சார். அழுக்குச் சட்டையோட வர்றவங்களை வெளியே அனுப்பச் சொல்றாங்களே?

திருமங்கலம் நூலகர்:
கூடாதுங்க. சட்டையைப் பார்க்காதீங்க, நடத்தையைப் பாருங்க. தொந்தரவு பண்ணினா முதல்ல எச்சரிக்கை, அப்புறம் தேதி போட்டு எழுத்துல நோட்டீஸ். பெண்களைச் சீண்டினா எச்சரிக்கையெல்லாம் இல்லை, உடனே பெண்கள் உதவி எண் 181க்குப் போன் பண்ணுங்க.