புதுப்பிப்பு: வீமனுக்கு நான்காவது ஊசியும் முடிந்தது

எங்கள் நாய் வீமனின் குறியிலிருந்து இரத்தம் சொட்டுகிறது, புற்றுநோய் என்கிறார்கள், ஊசி போடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போட்டோம். கட்டி பாக்களவுக்குச் சுருங்கிவிட்டது, இரத்தம் நின்றுவிட்டது.

இது நாய்க்கு நாய் தொற்றும் புற்றுநோய். இணைசேரும்போதும் நக்கும்போதும் உயிருள்ள புற்றுக் கலங்களே இடம்மாறி வளருமாம். மனிதருக்குத் தொற்றாது. இதைக் கேட்ட பிறகுதான் அம்மம்மா அவனை மறுபடி திண்ணையில் ஏறவிட்டார்.

மருந்து வின்கிறிஸ்டின், வாரம் ஒருமுறை. நாளத்துக்குள் மட்டுமே ஏற்ற வேண்டும். வெளியே கசிந்தால் தசை புண்ணாகிவிடும். அதனால் ஊசி ஏறி முடியும்வரை அவன் தலையை என் மடியில் அழுத்திப் பிடித்திருப்பேன். ஒவ்வொரு முறையும் முதலில் இரத்தப் பரிசோதனை. மூன்றாவது முறை வெள்ளணுக்கள் குறைந்திருந்ததால் ஒரு வாரம் தள்ளிப்போட்டார்கள். அந்த வாரம் நான் சரியாக உறங்கவில்லை.

மலசலத்தில் மருந்து கலந்து வெளியேறும் என்பதால், ஊசி போட்டு இரண்டு மூன்று நாட்களுக்குக் கையுறை போட்டே அதை அள்ளுகிறேன். கிணற்றடிப் பக்கம் விடுவதில்லை. சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வான். முள் நீக்கிய விளைமீனைப் பிசைந்து கொடுத்தால் கொஞ்சம் இறங்கும்.

ஒழுங்கையில் திரியும் நாய்களுக்கும் இது இருக்கலாம். இரத்தம் சொட்டினால் சாதாரண புண் என்று விட்டுவிடாதீர்கள், நான் இரண்டு மாதம் அப்படி விட்டேன்.

அடுத்த ஊசி வியாழக்கிழமை. இன்று காலை மீன்காரரின் சத்தம் கேட்டதும் படலைவரை ஓடினான்.